மீனுக்கு நிலையான முகவரி உண்டா?



சில வாரங்களுக்கு முன் ஆண்டு ஐந்து மாணவர்களுக்கு ஒரு பயிற்சித்தாள் கொடுத்தேன். இடப்பக்கம் உயிரினங்கள், வலப்பக்கம் அவற்றின் வாழிடங்கள். கோடிட்டு இணைக்க வேண்டும். நாம் அனைவரும் ஆண்டுதோறும் கொடுக்கும் பயிற்சிதான். ஒட்டகத்திற்குப் பாலைவனம், துருவக் கரடிக்கு வடதுருவம் என்னும் வரிசையில் இரண்டு மீன்களையும் சேர்த்திருந்தேன். காட் மீனுக்குக் ‘குளிர்ந்த வடகடல்’, அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்கு ‘மிதவெப்பக் கடல்’. இவையே என் விடைகள்.

ஒரு மாணவன் மட்டும் கானாங்கெளுத்தியிலிருந்து இரண்டு கோடுகள் இழுத்திருந்தான். ஒன்று மிதவெப்பக் கடலுக்கு, மற்றொன்று வடகடலுக்கு. சிவப்பு மையில் தவறு என்று குறித்தேன். அவன் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

“ஐயா, ஐஸ்லாந்துல இந்த மீனைப் பிடிக்கிறாங்க. தொலைக்காட்சியில பார்த்தேன்.”

“ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். போய் உட்கார்” என்றேன்.

அன்றிரவு மனம் உறுத்தியது. தேடிப் படித்தேன். அவன் சொன்னது சரி. நான் கையில் வைத்திருந்த விடை, அவன் பிறப்பதற்கு முன்பே பழையதாகிவிட்டது. அந்தத் தேடலில் அறிந்தவற்றையும், அதனால் என் மனத்தில் எழுந்த கருத்தையும் இங்குப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஐஸ்லாந்தில் நடந்தது என்ன?

கானாங்கெளுத்தி நமக்கு அந்நியமான மீன் அன்று. நாம் சந்தையில் வாங்கும் கெம்போங் மீனின் உறவுதான் அட்லாண்டிக் கானாங்கெளுத்தி. ஜப்பானிய உணவகங்களில் ‘சாபா’ என்று சுட்டுத் தருவதும் பெரும்பாலும் நார்வேயிலிருந்து வரும் இந்த மீனே. இது பிஸ்கே விரிகுடாவிலும் அயர்லாந்துக்கு மேற்கேயும் முட்டையிடுகிறது. கோடையில் இரை தேடி வடக்கே நார்வே கடல்வரை செல்கிறது. ஐஸ்லாந்துக் கரையோரம் இது பெருங்கூட்டமாக வருவது அரிதாக இருந்தது.

1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகு ஐஸ்லாந்தின் தெற்கிலும் மேற்கிலும் கடல்நீர் வெதுவெதுப்பாகத் தொடங்கியது. அதன்பின் மீன் வந்தது. 2006-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து மீனவர்கள் பிடித்த கானாங்கெளுத்தி ஏறக்குறைய 4,000 டன். 2007-இல் அது 36,000 டன்னைத் தாண்டியது. 2008-இல் 112,000 டன்னை எட்டியது. மூன்றே ஆண்டுகளில், இல்லாத ஒரு மீன் நாட்டின் முதன்மையான மீன்களுள் ஒன்றாகிவிட்டது.

மீன் அங்கேயும் நிற்கவில்லை. 2011-இல் கிரீன்லாந்துக் கடலில் அது முதன்முறையாகப் பதிவாயிற்று. 2014-இல் கிரீன்லாந்தின் மொத்த ஏற்றுமதி வருமானத்தில் 23 விழுக்காடு அந்த ஒரு மீனால் கிடைத்தது. அதற்கு முன், 2012 ஆகஸ்டு மாதத்தில், கிரீன்லாந்துக்குக் கிழக்கே கானாங்கெளுத்திக்கு வலை விரித்தவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. வலையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள மூன்று நீலத்துடுப்புச் சூரை மீன்கள் இருந்தன. மத்தியதரைக் கடலில் முட்டையிடும் இனம் அது. தன் இரையாகிய கானாங்கெளுத்தியைத் துரத்திக்கொண்டு பனிப்பாறைகள் மிதக்கும் கடல்வரை போயிருக்கிறது.

மீன் ஏன் இடம் மாறுகிறது?

நமக்கு வெயில் அடித்தால் வியர்க்கும், குளிர்ந்தால் உடல் நடுங்கும். நம் உடல் தன் வெப்பநிலையைத் தானே காத்துக்கொள்கிறது. பெரும்பாலான மீன்களுக்கு அந்த வசதி இல்லை. சுற்றியுள்ள நீரின் வெப்பமே அவற்றின் உடல் வெப்பம். நீர் சூடானால் அவற்றின் உடலுக்கு உயிர்வளி கூடுதலாகத் தேவைப்படுகிறது. சூடான நீரிலோ உயிர்வளி குறைவாகவே கரைந்திருக்கும். முட்டை முதிர்வதும் குஞ்சு வளர்வதும் வெப்பத்தைப் பொறுத்தவை. எனவே ஒவ்வோர் இனத்துக்கும் தாங்கக்கூடிய ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வடக்கே நகரும்போது மீனும் நகர்கிறது.

இரையும் நகர்கிறது. அரிசி மணி அளவேயுள்ள துடுப்புக்காலிகள் என்னும் மிதவையுயிர்களே வடகடல் மீன்களின் அடிப்படை உணவு. வடகிழக்கு அட்லாண்டிக்கில், வெதுவெதுப்பான நீரை விரும்பும் துடுப்புக்காலிகள் 1960 முதல் 1999 வரையிலான நாற்பது ஆண்டுகளில் 10 பாகைக்கும் மேல் வடக்கே நகர்ந்தன என்று 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பூமத்தியரேகையிலிருந்து துருவம்வரை மொத்தமே 90 பாகைதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் இன்னோர் ஆய்வு வந்தது. 25 ஆண்டுகளில் வட கடல் எனப்படும் பிரிட்டனுக்குக் கிழக்கேயுள்ள கடலின் வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் உயர்ந்தது. ஆராயப்பட்ட மீனினங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வடக்கே நகர்ந்தன, அல்லது ஆழத்துக்குச் சென்றன, அல்லது இரண்டையும் செய்தன. ஒரே ஒரு பாகை! நாம் வகுப்பறைக் குளிர்சாதனத்தில் ஒரு பாகை கூட்டினால் மாணவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். கடல்வாழ் மீன்கள் கவனித்திருக்கின்றன.

அவசர முடிவு வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் முதலில் செய்த தவற்றின் மறுபக்கத்தில் விழுந்துவிடக் கூடாது. ‘புதிய மீன் வந்தால் அதற்குக் காரணம் பருவநிலை மாற்றம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னால், அதுவும் ஒரு பழைய விடைத்தாள்தான்.

சூரை மீனையே எடுத்துக்கொள்வோம். 1950-களில் நார்வேக் கடலில் நீலத்துடுப்புச் சூரை ஏராளமாகப் பிடிபட்டது. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து 1980-களில் அறவே மறைந்தது. அளவுக்கு மீறிப் பிடித்தது அதற்கு ஒரு பெருங்காரணம். 2012 வாக்கில் அது மீண்டும் தலைகாட்டியது. நீர் வெதுவெதுப்பானது, இரை பெருகியது, அத்துடன் அனைத்துலகக் கட்டுப்பாடுகளால் சூரையின் எண்ணிக்கையும் மீண்டது. மூன்றும் சேர்ந்து வேலை செய்தன. ஆகவே அது புதிய விருந்தாளி மட்டுமன்று, வீடு திரும்பிய பழைய குடியும் கூட.

நம் நாசி லெமாக்கில் இருக்கும் இக்கான் பிலிஸின் உறவாகிய ஐரோப்பிய நெத்திலியின் கதையும் இப்படியே. 1990-களின் நடுவிலிருந்து வட கடலில் நெத்திலி பெருகியது. தெற்கே பிஸ்கே விரிகுடாவிலிருந்து அது ஏறி வந்ததாகவே பலரும் எண்ணினர். ஆய்ந்தபோது, வட கடலிலேயே சிறு தொகையாக எஞ்சியிருந்த நெத்திலிக் கூட்டம்தான் வெதுவெதுப்பான கோடைகளால் பெருகியது என்று தெரிந்தது. காரணம் வெப்பம்தான். ஆனால் நடந்தது இடப்பெயர்வு அன்று.

கானாங்கெளுத்தியிலும் மீன்தொகை பெருகியதால் இரை தேடி அது பரவியது என்னும் கருத்து உண்டு. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோடைக்கால ஆய்வுகள் அந்த மீன் கிரீன்லாந்துப் பக்கத்தை விட்டு மீண்டும் கிழக்கே, நார்வே கடல் நோக்கி ஒதுங்கியதைக் காட்டின. வருமானத்தில் 23 விழுக்காட்டைத் தந்த விருந்தாளி, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது! இயற்கை நேர்க்கோட்டில் நடப்பதில்லை. இந்தச் சிக்கலைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வதே அறிவியல் கற்பித்தல் என்பது என் கருத்து.

மீன் நகர்ந்தது, ஒப்பந்தம் நகரவில்லை

இவ்வளவு கதையும் எதற்கு என்று கேட்கலாம். மீன் இடம் மாறினால் மனிதர் சண்டையிடுகிறார்கள். நான் இதை எழுதத் துணிந்ததற்கு அதுவே முதற்காரணம்.

1982-இல் கையெழுத்தான கடற்சட்ட ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு கடலோர நாட்டுக்கும் 200 கடல் மைல்வரை மீன்வள உரிமை உண்டு. கானாங்கெளுத்தியை நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியமும் பரோயே தீவுகளும் பங்கிட்டு வந்தன. அந்தக் கணக்கில் ஐஸ்லாந்துக்கு இடமில்லை, ஏனென்றால் அங்கே அந்த மீனே இல்லை. மீன் வந்ததும் ஐஸ்லாந்து, “எங்கள் கடலில் மேய்கிறது, எங்களுக்கும் பங்கு” என்றது. 2010-இல் தானாகவே 130,000 டன் ஒதுக்கீடு அறிவித்தது. பரோயே தீவுகளும் தம் பங்கை 85,000 டன்னாக உயர்த்திக்கொண்டன. அந்த ஆண்டு ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் துறைமுகத்தில் பரோயே மீன்பிடிக் கப்பல் ஒன்று கானாங்கெளுத்தியை இறக்கவிடாமல் உள்ளூர் மீனவர்கள் தடுத்தனர். செய்தியாளர்கள் இதற்குக் ‘கானாங்கெளுத்திப் போர்’ என்றே பெயரிட்டனர்.

யார் பக்கம் நியாயம்? பல்லாண்டுகளாகக் குறைத்துப் பிடித்து மீனைக் காத்தோம் என்கின்றனர் ஸ்காட்லாந்து மீனவர். எங்கள் கடலின் இரையைத் தின்று கொழுத்த மீன் என்கின்றனர் ஐஸ்லாந்து மக்கள். இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தாமே எழுதிக்கொண்டபோது, கூட்டுத்தொகை அறிவியலாளர் பரிந்துரைத்த அளவை ஆண்டுதோறும் தாண்டியது. பொறுப்பான மீன்பிடிப்புக்கென மெரின் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் வழங்கும் சான்றிதழ் 2012-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2016-இல் மீண்டும் கிடைத்து, 2019-இல் மறுபடியும் பறிபோனது.

முடிவு என்ன ஆயிற்று? 2025-ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய 577,000 டன் பிடிக்கலாம் என்றிருந்த அனைத்துலகக் கடலாய்வு மன்றம், 2026-ஆம் ஆண்டுக்கு 174,000 டன் அளவோடு நிறுத்துங்கள் என்று அறிவுறுத்தியது. ஒரே ஆண்டில் 70 விழுக்காட்டுக் குறைப்பு. மீனைக் குறைத்தது வெப்பம் மட்டுமன்று. நகரும் மீனைப் பங்கிடத் தெரியாத மனிதரின் பங்கு அதில் பெரிது.

போக இடமில்லாதவை

தெற்கிலிருந்து வருவனவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே வடக்கில் இருந்தவை என்ன ஆகின்றன? நார்வேக்கு வடக்கே பாரென்ட்ஸ் கடலில் 2004 முதல் 2012 வரை நடந்த ஆய்வில், காட் போன்ற பெரிய மீன்கள் வடக்கே ஏறியதும், அங்கே வாழ்ந்த சிறிய பனிக்கடல் மீன்கள் பின்வாங்கியதும் தெரிந்தன. குளிர்நீரை நம்பும் கேப்லின் என்னும் சிறுமீன் தன் குஞ்சுப் பருவத்து இடங்களை மாற்றிக்கொண்டது. 2019-இலும் 2020-இலும் ஐஸ்லாந்தில் கேப்லின் பிடிக்க ஒதுக்கீடே வழங்கப்படவில்லை. ஒரு கதவால் கானாங்கெளுத்தி நுழைந்தது, மற்றொரு கதவால் கேப்லின் நழுவியது.

இனி நம் பக்கம் வருவோம். பெற்றோர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் கேட்டார்: “ஐயா, வடக்கே மீன் கூடினா அவங்களுக்கு நல்லதுதானே? நம்ம பிள்ளைக்கு ஐஸ்லாந்து மீன் எதுக்கு?”

நேர்மையான கேள்வி. விடையும் நேராகச் சொல்கிறேன். வடகடலிலிருந்து ஒரு மீன் கிளம்பினால், தெற்கிலிருந்து வெதுவெதுப்பை விரும்பும் இன்னொரு மீன் அந்த இடத்துக்கு வருகிறது. நம்முடையது வெப்பமண்டலக் கடல். இங்கிருந்து ஒரு மீன் வெப்பம் தாங்காமல் விலகினால், நம்மைவிட வெப்பமான கடலிலிருந்து அந்த இடத்தை நிரப்ப எது வரும்? அப்படியொரு கடலே இல்லை. 1970 முதல் 2006 வரையிலான உலக மீன்பிடிக் கணக்குகளை ஆராய்ந்து 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை இதைத்தான் காட்டியது. மற்றக் கடல்களில் வெப்பம் விரும்பும் இனங்களின் பங்கு கூடிக்கொண்டே போனது. வெப்பமண்டலத்தில் அது தொடக்கத்தில் சற்றுக் கூடி, பிறகு நின்றுவிட்டது. மேலும் கூடுவதற்கு அங்கே இனங்கள் இல்லை.

அதே ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கணிப்பும் உண்டு. வெப்பவாயு வெளியேற்றம் கட்டுக்கடங்காமல் போனால், 2055-க்குள் உயர் அட்சரேகைக் கடல்களில் கிடைக்கக்கூடிய மீன் 30 முதல் 70 விழுக்காடுவரை கூடலாம். வெப்பமண்டலத்தில் 40 விழுக்காடுவரை குறையலாம். இது கணிப்புதான், தீர்ப்பு அன்று. ஆனால் 2055-இல் என் மாணவர்களுக்கு அகவை நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர்கள் சந்தைக்குப் போய் மீன் விலை கேட்கும் காலம் அது. ஐஸ்லாந்து மீன் எதற்கு என்னும் கேள்விக்கு என் விடை இதுதான்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

நம் பாடங்களில் ‘வாழிடம்’ என்பது கல்லில் வெட்டிய முகவரியைப் போல இருக்கிறது. இன்ன உயிர், இன்ன இடம், ஒரு கோடு, ஒரு மதிப்பெண். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. ‘ஒரே விடை’ என்னும் பழக்கம் இன்னும் அகலவில்லை, என்னிடமிருந்தும்தான். நான் செய்யத் தொடங்கியிருப்பவற்றைச் சொல்கிறேன்.

1. வாழிடப் பயிற்சியில் ‘எங்கே வாழ்கிறது?’ என்பதோடு ‘எந்த ஆண்டில்?’ என்னும் கட்டத்தையும் சேர்க்கிறேன். 2000-இல் எங்கே, இன்று எங்கே என்று எழுத வேண்டும். பிள்ளைகள் நிலப்படத்தைத் தாமாகவே விரிக்கிறார்கள்.

2. ஐஸ்லாந்துக் கணக்கைக் கணிதப் பாடத்தில் பயன்படுத்துகிறேன். 4,000, 36,000, 112,000 என்னும் எண்களைப் பட்டைக் குறிவரைவாக வரையச் சொன்னால், ‘ஏன் இப்படி உயர்ந்தது?’ என்னும் கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது.

3. காரணம் சொல்லும்போது ஒன்றோடு நிறுத்த விடுவதில்லை. ‘வெப்பம்’ என்று ஒருவர் சொன்னால் ‘வேறு?’ என்று கேட்கிறேன். சூரை மீனும் நெத்திலியும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

4. நன்னெறிப் பாடத்தில் வகுப்பை ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து, நார்வே என்று பிரித்து, நூறு மீன்களைப் பங்கிடச் சொல்கிறேன். முதல் முறை விளையாடியபோது மூன்று குழுக்களும் கேட்டவற்றைக் கூட்டினால் நூற்றறுபது வந்தது. பலகையில் அந்தக் கூட்டுத்தொகையை எழுதியதும் வகுப்பு அமைதியாயிற்று. நான் விளக்க வேண்டியது எதுவும் மிஞ்சவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். மீன்கடைக்காரரிடம், “இருபது ஆண்டுக்கு முன்பு என்ன மீன் அதிகம் வரும்? இப்போது எது குறைந்துவிட்டது?” என்று அவர்களையே கேட்க விடுங்கள். விடையைக் குறிப்பேட்டில் எழுதட்டும். குறைந்ததற்குக் காரணம் வெப்பமா, இழுவை வலையா, தூய்மைக்கேடா என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் கேட்கவும் பதிவு செய்யவும் பழகட்டும். ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் அறிவியலாளர் முதலில் செய்தது அதைத்தான். வலையில் எது விழுந்தது, எங்கே, எந்த நாளில் என்று எழுதி வைத்தார்கள்.

அந்த மாணவனின் பயிற்சித்தாளை மறுநாளே திரும்ப வாங்கினேன். சிவப்புக் குறியை அடித்துவிட்டு, இரண்டாவது கோட்டின் மேல் ‘2007 முதல்’ என்று எழுதி முழு மதிப்பெண் கொடுத்தேன். தவறு என்னுடையது என்பதை வகுப்பின்முன் சொன்னேன். அவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்ப அடுத்த வருசம் இந்த விடையும் மாறிடுமா ஐயா?” என்று கேட்டான்.

மாறலாம் என்றேன். கிரீன்லாந்தின் கதையை அடுத்த நாள் சொல்வதாக வாக்களித்திருக்கிறேன்.